ஓசூர் பட்டறையின் கருப்பை பெர்ஃபியூஷன் செட்டு: பம்பு நன்று, குமிழிப் பொறி இடம் மாற வேண்டும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடலிலிருந்து எடுத்த கருப்பையின் ரத்தக்குழாய் வழியாகக் கரைசல் ஓட்டி அதை உயிரோடு வைக்கும் இந்தச் செட்டை வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருகிறபடியே பூட்டி ஓட்டக் கூடாது. கரைசலில் வரும் குமிழியைப் பிடிக்கும் பொறியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுங்கள். கடைசியில் வரும் நீளக் குழாயை வெட்டிக் குறையுங்கள். கூடவே வரும் உப்புப் பொட்டலத்தை அப்படியே தண்ணீரில் கொட்டாதீர்கள். இந்த மூன்றையும் செய்தால், அறுத்த வெள்ளாட்டின் கருப்பை ஐந்தாறு மணி நேரம் சுருங்கி விரிந்துகொண்டு இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். செய்யாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பாதிக் கொம்பு (ஆட்டுக் கருப்பையின் இரண்டு கிளைகளைக் கொம்பு என்போம்) வெளுத்து, மீதிப் பாதி ஊறிப்போன பஞ்சுபோல் ஆகிவிடும்.

ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கும் ஒரு சிறு பட்டறை இதைச் செய்து தருகிறது. வாகன உதிரிபாகங்களுக்கு ஜிக் செய்து பழகிய கைகள் என்பது பொருத்தங்களைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் தொகுதி இது; குறைகளைத் திருத்தித் தருகிறோம் என்கிறார்கள். அதனால் பெயர் போடவில்லை. கால்நடை இனப்பெருக்கத் துறையில் ஆராய்ச்சி செய்பவர்களும் மருந்தியல் பாடம் நடத்துபவர்களும் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இது.

ஏன் இப்படி ஒரு செட்டு? கருப்பைத் தசையில் ஒரு துண்டை நறுக்கி, ஆர்கன் பாத் என்ற சூடான கரைசல் தொட்டியில் தொங்கவிட்டு, கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினுக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பது மருந்தியல் லேபில் நூறாண்டுப் பழக்கம். துண்டு தசையைப் பற்றிச் சொல்லும். ரத்தக்குழாய் வழியாகப் போகும் மருந்து உள்சவ்வை எப்படி அடைகிறது, கொம்பின் நுனியில் எழும் அலை கருப்பைக் கழுத்துவரை எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் துண்டு சொல்லாது. அதற்கு முழு உறுப்பு வேண்டும், அதன் தமனி வழியாகக் கரைசல் ஓட வேண்டும். இத்தாலியில் புல்லெட்டியும் உடனிருந்தவர்களும் 1980களில் அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதக் கருப்பையை இப்படி 48 மணி நேரம் காத்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் குழு இறைச்சிக் கூடத்துப் பன்றிக் கருப்பையை வைத்து இதே முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. நம் பக்கம் வசதியாகக் கிடைப்பது வெள்ளாடும் செம்மறியும்தான். எப்படியும் கறிக்காக அறுபடும் ஆட்டின் உறுப்பு அது. ஆராய்ச்சிக்கென்று இன்னொரு உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. ஒரே காரணம் போதும் என்றால் எங்களுக்கு இது போதும்.

பெட்டியில் வருவது இவ்வளவு: இரட்டைச் சுவர் அக்ரிலிக் அறை ஒன்று, மூடியோடு. அதற்குள் கருப்பையைக் கிடத்தத் துளை போட்ட தட்டு. இரண்டு சேனல் பெரிஸ்டால்டிக் பம்பு, அதாவது குழாயை ரோலரால் நசுக்கிக் கரைசலைத் தள்ளுவது. தெர்மோஸ்டாட் வைத்த வெந்நீர்த் தொட்டி, அறைச் சுவருக்குள் அந்த நீரைச் சுற்றவிடும் சின்ன மோட்டார். கண்ணாடி ஜாடிக்குள் சுருட்டி வைத்த சிலிக்கான் குழாய், அதுதான் கரைசலில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர். சூடாக்கும் சுருள் இரண்டு, குமிழிப் பொறி ஒன்று, அழுத்தத்தை மி.மீ. பாதரசத்தில் காட்டும் பி.பி. கருவியின் டயல் இரண்டு.

பம்பைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 24 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டார் போட்டிருக்கிறார்கள், அது சரியான முடிவு. சாதாரண டி.சி. மோட்டார் என்றால் மின்னழுத்தம் இறங்கும்போது வேகமும் இறங்கும். ஸ்டெப்பர் போட்ட வேகத்தில் நிற்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தால் கரண்ட் போனாலும் பம்பு நிற்காது. வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டரை அந்தப் பேட்டரியால் ஓட்ட முடியாது. ஆனால் தொட்டியில் மூடி போட்டிருந்தால் பத்து லிட்டர் நீர் அரை மணி நேரத்துக்குப் பெரிதாக ஆறிவிடாது. சேனல் ஒன்றுக்கு நிமிடத்துக்கு அரை மில்லி முதல் 20 மில்லி வரை ஓடுகிறது. வெள்ளாட்டுக் கருப்பைக்குத் தமனி ஒன்றுக்கு 1 மில்லியில் தொடங்கி 4 மில்லி வரை போனால் போதும். டிஸ்ப்ளேயில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கேனுலாவை (தமனிக்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்) மாட்டிய நிலையிலேயே 10 மில்லி அளவுக் குழலில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ரோலர் அழுத்தம் கொஞ்சம் தளர்வாக இருந்தால், முனை திறந்திருக்கும்போது ஒரு அளவும் எதிர் அழுத்தம் வந்ததும் குறைந்த அளவும் காட்டும்.

இப்போது குமிழிக்கு வருவோம். இந்த வேலையில் கருப்பைகளைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான், செட்டின் பெரிய தவறும் இங்கேதான்.

வருகிறபடி பூட்டினால் வரிசை இப்படி இருக்கும்: கரைசல் பாட்டில் மேசைமேல், சூடாக்காமல். அங்கிருந்து ஆக்சிஜனேட்டர், அடுத்து குமிழிப் பொறி, அடுத்து பம்பு, அதன் பிறகு சூடாக்கும் சுருள், பின் 60 செ.மீ. குழாய், கடைசியாகக் கேனுலா. படத்தில் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் வாயு குளிர்ந்த நீரில் கூடுதலாகக் கரையும், சூடான நீரில் குறைவாகக் கரையும். 20 டிகிரியில் ஆக்சிஜன் நிரம்பிய கரைசலை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், கரைந்த ஆக்சிஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தங்க இடமில்லாமல் வெளியே வரும். எங்கே வரும்? சூடாக்கும் சுருளுக்குள். பொறியோ அதற்கு முன்னாலேயே முடிந்துபோயிற்று. அந்தக் குமிழிகளைப் பிடிக்க இனி வழியில் ஒன்றும் இல்லை, நேராகத் தமனிக்குள் போகும். பம்புக்கு முன்னால் பொறி இருப்பதில் இன்னொரு கேடு: பெரிஸ்டால்டிக் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் எந்த இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் வெளிக்காற்றை இழுக்கும். அதையும் பொறி பார்க்காது.

கூர்ந்து பார்த்தால் தெரியும். கேனுலாவின் கழுத்தில் கடுகு அளவு குமிழி ஒன்று வந்து நிற்கும். அடுத்த ரோலர் தள்ளலில் அது நீண்டு, அரிசிபோல் ஆகி, உள்ளே நழுவும். டயல் முள் 50இலிருந்து 65க்கு ஏறும். நான்கைந்து நிமிடத்தில் கொம்பின் ஒரு வளைவில் மட்டும் விரல் அகலத்துக்கு நிறம் மாறும். சுற்றிலும் ஈரமான இளஞ்சிவப்பு, அங்கே மட்டும் மெழுகு வெள்ளை. சுருக்கம் அந்த இடம்வரை வந்து நின்றுவிடும், தாண்டாது. அந்தக் குமிழியைக் கூடுதல் அழுத்தம் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குமிழி நகராது, பக்கத்து நுண்குழாய்கள் கிழிந்து நீர் கசியும்.

சரியான வரிசை இதுதான். கரைசல் பாட்டிலையே வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்து, 38 டிகிரியிலேயே வாயு ஏற்றுங்கள். அதன்பின் பம்பு. அதன்பின் சுருள், அது சூட்டைத் தக்கவைக்க மட்டும். அதன்பின் பொறி, அறையின் ஓரத்திலேயே. பொறியிலிருந்து கேனுலாவுக்கு 10 செ.மீ.க்கு மேல் குழாய் வேண்டாம். செட்டில் ஒரே பொறிதான் வருகிறது, தமனியோ இரண்டு. இரண்டாவதற்கு ஐவி செட்டின் சொட்டு அறையை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். செங்குத்தாக நிறுத்தி, பாதிவரை கரைசல், மேலே காற்று. பம்புக்குப் பின்னால் வைக்கும்போது அந்த மேல் காற்று மெத்தைபோல் இருந்து ரோலரின் குத்துக்குத்தான அழுத்தத்தையும் தணிக்கும். கேனுலாவை ஒட்டி ஒரு த்ரீ-வே (மூன்று வழித் திருகு) போடுங்கள். குமிழி தெரிந்தால் உறுப்பின் பக்கத்தை மூடி, பக்கவாட்டில் திறந்து, வெளியே விட்டுவிடலாம்.

அந்த 60 செ.மீ. குழாய்க்கு இன்னொரு குற்றமும் உண்டு. உள் விட்டம் 3 மி.மீ.; 60 செ.மீ.க்கு உள்ளே நிற்கும் கரைசல் 4 மில்லிக்குக் கொஞ்சம் மேல். நிமிடத்துக்கு 4 மில்லி ஓட்டினால், ஒவ்வொரு துளியும் முழுதாக ஒரு நிமிடம் வெளிக்காற்றில் கிடந்துவிட்டுத்தான் உறுப்புக்குள் போகிறது. தருமபுரியின் சித்திரை வெயிலில் இது பெரிதாகத் தெரியாது. ஓசூரின் மார்கழிக் காலையில் தொட்டி 38 என்று காட்டும்போது கேனுலா முனையில் மூன்று நான்கு டிகிரி குறைந்திருக்கும். வெள்ளாட்டின் உடல் சூடு 39 டிகிரியை ஒட்டியது. 35க்குக் கீழே கருப்பைத் தசை சோம்பிவிடும், அதை மருந்தின் விளைவு என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. வெப்பமானியின் முனையைத் தொட்டியில் வைக்காதீர்கள், த்ரீ-வேயின் பக்கத்தில் வையுங்கள். அங்கே 38 வருகிறமாதிரி தொட்டியைச் சரிசெய்யுங்கள்.

ஆக்சிஜனேட்டர் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. மெல்லிய சிலிக்கான் சுவர் வழியாக ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எளிதாகப் போகும், பி.வி.சி. குழாயில் அது நடக்காது. ஆனால் ரத்தப் புரதமான ஆல்புமின் கலந்த கரைசலுக்குத்தான் இது தேவை. ஆல்புமினை வெறுமனே குமிழவிட்டால் சோப்பு நுரைபோல் பொங்கும். வெறும் கிரெப்ஸ் கரைசல் (உப்புகளும் குளுக்கோஸும் மட்டும் கலந்தது) ஓட்டுபவர்கள் பாட்டிலுக்குள் நேராக வாயுவைக் குமிழவிட்டாலே போதும், ஆக்சிஜனேட்டரை எடுத்துவைத்துவிடுங்கள்.

95 பங்கு ஆக்சிஜன், 5 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற இந்த இரண்டு மாவட்டத்திலும் கேட்ட உடனே கிடைக்கிற பொருள் அல்ல. மருத்துவ ஆக்சிஜன் ஒரு சிலிண்டர், கார்பன் டை ஆக்சைடு ஒரு சிலிண்டர், வாயு ஓட்டத்தை அளக்க இரண்டு ரோட்டாமீட்டர். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1.9 லிட்டர், மற்றது 0.1 லிட்டர் என்று கலந்து, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடலாம். செட்டின் விளக்கத் தாளில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சுமார் 680 மி.மீ. பாதரசம். அதே கலவையை ஏற்றினாலும் சென்னையில் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தைவிட இங்கே பத்தில் ஒரு பங்கு குறையும். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமும் அதே அளவு குறைவதால் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 0.05 கூடும். பார்க்கச் சின்ன எண். ஆனால் 7.4க்கு என்று எழுதிய அளவில் 7.5ஐ நெருங்கினால் கரைந்த கால்சியம் வீழ்படிவாகும் பக்கம் சாய்கிறது. லிட்டருக்கு 2.1 கிராம் பைகார்பனேட்டை 1.9 கிராமாகக் குறைத்து, சூடாக வாயு ஏற்றி 20 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். தருமபுரி தாழ்வான ஊர், அங்கே வித்தியாசம் பாதிதான்.

ஆக்சிஜன் கணக்கை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சிவப்பணு இல்லாத கரைசல், இவ்வளவு வாயு ஏற்றியும், 100 மில்லியில் 2 மில்லிக்கும் குறைவான ஆக்சிஜனைத்தான் சுமக்கும். ஆட்டு ரத்தம் அதே 100 மில்லியில் பத்து மில்லிக்கு மேல் சுமக்கும். ஆகவே பல மடங்கு கூடுதல் ஓட்டம் கொடுத்துத்தான் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டம் கூடினால் நீர் திசுவுக்குள் கசிந்து உறுப்பு வீங்கும். வீக்கம் நுண்குழாய்களை வெளியிலிருந்து நெருக்கும், அழுத்தம் ஏறும், ஓட்டம் மேலும் கெடும். இந்தச் சுழலைத் தள்ளிப்போடத்தான் நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்துவைக்கும் 3 சதவீத ஆல்புமினோ டெக்ஸ்ட்ரானோ சேர்க்கிறோம். இரண்டு தமனிக்கும் நிமிடத்துக்கு 8 மில்லி என்றால் ஆறு மணி நேரத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வெறும் கிரெப்ஸ் என்றால் ஒருவழியாக ஓட்டிக் கீழே விட்டுவிடலாம், உப்பு விலைதான். ஆல்புமின் என்றால் 90 கிராம் போகும், கட்டுப்படியாகாது; 400 மில்லியை வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். அப்போது திசு வெளிவிடும் லாக்டேட் சேரும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள்.

உப்புப் பொட்டலம். எல்லா உப்பையும் ஒரே பொட்டலத்தில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் கொட்டினால் கண்ணெதிரே பால்போல் கலங்குகிறது. கால்சியம், பைகார்பனேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து துகளாகிறது. அந்தத் துகள் நுண்குழாயை அடைக்கும். கூடவே, திசுவுக்குச் சேர வேண்டிய கால்சியமும் துகளோடு போய்விடுவதால் தசை சுருங்காது. இதைப் பட்டறை உடனே திருத்த வேண்டும். அதுவரை தனித்தனியாக எடைபோட்டுக்கொள்ளுங்கள். லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, ஏழு நீர் மெக்னீசியம் சல்பேட் 0.29, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, குளுக்கோஸ் 2, பைகார்பனேட் மேலே சொன்னபடி. இவையெல்லாம் கரைந்து, வாயு பத்து நிமிடம் ஏறிய பிறகு, இரு நீர் கால்சியம் குளோரைடு 0.37 கிராமைத் தனியாகக் கொஞ்சம் நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே சொட்டுச்சொட்டாக விடுங்கள். கடைசியாக 0.45 மைக்ரான் வடிகட்டி. ஆறு மணி நேரம் ஓட்டுவதாக இருந்தால் லிட்டருக்குப் பென்சிலின் ஒரு லட்சம் யூனிட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் 100 மில்லிகிராமும் சேருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களும் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்தபோது, கரைசலைக் குழாய் நீரில் தயாரித்திருந்தார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் இதயம் நின்றது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் துடிக்கவைத்தது என்று 1883இல் அவரே எழுதினார். அவருக்குத் தண்ணீர் நல்லது செய்தது. நம் ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படிச் செய்யாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால்தான். ஃபுளோரைடு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குளுக்கோஸைச் சிதைக்கும் ஈனோலேஸ் நொதியையும் தடுக்கும். லேபில் வடிகலன் சரியாக இல்லை, ஆர்.ஓ. சவ்வு பழசு என்றால், ஒவ்வொரு நாளும் வேறு வேறு முடிவு வரும். ஏன் என்று மாதக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்வீர்கள். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரும் வேண்டாம். அது பேட்டரிக்கானது, கிருமிக்கும் கரிமப் பொருளுக்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு சுலப வழி உண்டு. மருந்துக்கடை நார்மல் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. அதில் 765 மில்லி எடுத்தால் நமக்கு வேண்டிய 6.9 கிராம் வந்துவிடும். மற்ற உப்புகளுக்கு மிச்சம் 235 மில்லி நல்ல நீர் மட்டும் தேடினால் போதும்.

செட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உறுப்பு நன்றாக வந்தால்தான் வேலை. கறிக்கடைக்குப் பெரும்பாலும் கிடாதான் வரும். மந்தையிலிருந்து கழித்த பெட்டைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சேலம் கருப்பு இனத்தில் இரண்டு மூன்று ஈத்து கடந்த பெட்டை நல்லது. கன்னி ஆட்டின் தமனி மிக மெல்லியது, 22 கேஜ் நீலக் கேனுலாகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். ஈன்ற பெட்டைக்கு 20 கேஜ் பிங்க் நுழையும். அறுப்பவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: குடலை உருவுவதற்கு முன் கருப்பையை எடுக்கச் சொல்லுங்கள், கருப்பைக் கழுத்துக்குக் கீழே அறுத்து, பக்கத்துச் சவ்வை அகலமாக விடச் சொல்லுங்கள். கையால் இழுத்துப் பிடுங்கினால் தமனி சுருங்கி உள்ளே ஒளிந்துகொள்ளும்.

கேனுலா போடும் வேலையை அங்கேயே, அறுத்த 20 நிமிடத்துக்குள், ஒரு தட்டின்மேல் செய்துவிடுங்கள். லேபுக்குக் கொண்டுவந்து போடலாம் என்றால் ரத்தம் உறைந்துவிடும். சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருப்பைத் தமனி புழுபோல் நெளிந்து ஓடுவது தெரியும். ஒரு செ.மீ. நீளத்துக்குச் சுற்றுக் கொழுப்பை விலக்குங்கள். பட்டு நூல் இரண்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று, முடிச்சைத் தளர்வாக விடுங்கள். கண் கத்தரியால் சாய்வாக ஒரு வெட்டு, தமனியின் பாதி அகலத்துக்கு மட்டும். ஊசியை உருவிய கேனுலாவின் முனையில் சலைன் சொட்டு நிற்கும்போதே நுழைத்துவிடுங்கள். சொட்டு இல்லாத முனை காற்றோடு நுழையும். முடிச்சை இறுக்குங்கள். சினைப்பைத் தமனியையும் கழுத்துப் பக்கத்துக் கிளைகளையும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கரைசலில் பாதி அந்த வழியாகவே ஓடிவிடும். சிரைகளைத் திறந்து விடுங்கள். ஒரு லிட்டர் குளிர்ந்த சலைனில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5,000 யூனிட் கலந்து, பாட்டிலை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டுக் கழுவுங்கள். அந்த உயரம் 73 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். சிரை வழியாக வருவது தெளிந்ததும் நிறுத்தி, ரிங்கர் லாக்டேட் ஊற்றிய ஜிப் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் வையுங்கள். பனிக்கட்டியில் நேராகப் படக் கூடாது, பட்ட இடம் உறைந்து செத்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு 50 கிலோமீட்டர். கழுவிக் குளிர்வித்த உறுப்பு அந்தப் பயணத்தைத் தாங்கும்.

சினையாக இருந்தாலோ உள்ளே சீழ் இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். ஆட்டுக் கருப்பை என்பது மனிதருக்கும் தொற்றும் புருசெல்லாவும் கியூ காய்ச்சல் கிருமியும் தங்கும் இடம். இரட்டைக் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள், மாணவர்களை முக்கியமாக. செட்டோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பம்பின் உத்தரவாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்கும் நான்கு வரி ஒதுக்க வேண்டும்.

லேபில் சூடேற்றுவதை அவசரப்படுத்தாதீர்கள். நிமிடத்துக்கு 1 மில்லியில் தொடங்கி, அரை மணி நேரத்தில் 4 மில்லிக்கு வாருங்கள். அழுத்தம் 80ஐத் தாண்ட விடாதீர்கள். டயல்கள் நல்ல ரகம்தான், ஆனால் அறையைவிட 30 செ.மீ. உயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள். டயலுக்குப் போகும் குழாயில் நீர் நின்றால் ஒவ்வொரு 1.36 செ.மீ. உயரத்துக்கும் 1 மி.மீ. பாதரசம் குறைத்துக் காட்டும், 30 செ.மீ.க்கு 22 மி.மீ. பிசகும். உறுப்பின் மட்டத்துக்கு இறக்குங்கள், அல்லது அந்தக் குழாயில் காற்று மட்டும் நிற்கவிடுங்கள்.

உயிர் இருக்கிறதா என்பதற்குக் கண்தான் முதல் கருவி. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொம்பின் நுனியிலிருந்து மெல்லிய அலை ஒன்று கிளம்பும். தோல் சிலிர்த்தாற்போல் இருக்கும். 0.1 யூனிட் ஆக்சிடோசினைத் த்ரீ-வே வழியாகக் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் கொம்பு முழுவதும் இறுகிச் சுருள வேண்டும். சுருளவில்லை என்றால் உடனே செத்துவிட்டது என்று எழுதாதீர்கள், சினைப்பையைப் பாருங்கள். கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திரள்) புடைத்து நின்றால் அந்த ஆடு சுழற்சியின் நடுவில் அறுபட்டிருக்கிறது. அப்போது ஆக்சிடோசின் ஏற்பிகள் குறைவு, பதிலும் மந்தம். இந்தக் குறிப்பு இல்லாமல் எடுத்த தரவுக்கு மதிப்பில்லை. சிரை வழியே வருவதில் மணிக்கு ஒருமுறை பொட்டாசியமும் லாக்டேட்டும், செல் உடைந்தால் கசியும் நொதியான எல்.டி.எச்.சும் பாருங்கள். கரைசலில் பொட்டாசியம் 5.9 மில்லிமோல், வெளியே வருவதில் அது தொடர்ந்து ஏறினால் செல் உடைகிறது. குளுக்கோஸுக்குக் குளுக்கோமீட்டர் வேண்டாம். அது சிவப்பணு இருக்கும் ரத்தத்துக்குச் சரிசெய்தது, வெறும் கரைசலில் கூட்டிக் காட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் உறுப்பை எடைபோட்டு வீக்கத்தைக் கணக்கிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, அதற்கு முன் அல்ல, மெத்திலீன் நீலம் ஓட்டினால் கரைசல் எட்டாத பகுதி நீலமாகாமல் நிற்கும். அந்தப் பகுதியின் மாதிரிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் அக்ரிலிக்கால் தொல்லை. ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் வளைந்துவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மூலைகளில் முடிபோல் விரிசல் ஓடும். இரண்டே மாதத்தில் நீர்ச்சுவர் கசியும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, மென்மையான சோப்பு, பிறகு நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் 20 நிமிடம், பிறகு நல்ல நீரில் மூன்று முறை. கேரலும் லிண்ட்பெர்க்கும் 1935இல் பூனையின் தைராய்டை நாள்கணக்கில் வளர்க்க முடிந்ததற்கு அவர்களுடைய பம்பு முழுக்கக் கண்ணாடியாக இருந்ததும் ஒரு காரணம். அதைக் கிருமியில்லாமல் வைக்க முடிந்தது. ஒரு நாளைத் தாண்டி ஓட்ட நினைப்பவர்கள் இந்த அறையை நம்பக் கூடாது. ஆறு மணி நேர வேலைக்குத் தாங்கும். கூடுதல் பணம் கொடுத்தால் அறையைப் பாலிகார்பனேட்டில் செய்து தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். மிச்ச உறுப்பு மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில்தான் போக வேண்டும், தெருநாய்க்கு எட்டும் குப்பையில் அல்ல.

பட்டறைக்காரர்களின் சேவை திருப்தி. போனை எடுக்கிறார்கள், கழன்ற இணைப்பை மறுநாளே மாற்றித் தருகிறார்கள், சொன்ன குறையைக் குறித்துக்கொள்கிறார்கள். பொறியை இடம் மாற்றித் தரவும் இரண்டாவது பொறி சேர்க்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கால்சியத்தைத் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். பம்புத் தலைக்குள் போகும் சிலிக்கான் குழாயை மட்டும் ஐந்து மீட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள். ரோலர் நசுக்கும் இடத்தில் அது நாளாக நாளாகத் தட்டையாகி ஓட்டம் குறையும், உள்சுவரும் தூளாக உதிரும். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்னும் அந்த இடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஐந்து முறை ஓட்டிய பிறகு புதுத் துண்டு மாற்றி, அளவுக் குழலில் மறுபடி பிடித்துப் பாருங்கள்.